ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது, இனி அவ்வளவுதானா?

கேள்வி: என் கணவருக்கு 39 வயது. ஹார்டுவேர் மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 16 மாதங்களுக்கு முன் இரவில் பைக்கில் வரும்போது விபத்து. தலையில் ரத்தக்கட்டு, ஆபரேஷன். 11 நாள் கண் விழிக்கவில்லை. விழித்த பிறகும் மூன்று வாரம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் ஏதேதோ பேசினார். அந்த நாட்கள் எதுவும் இப்போது அவருக்கு நினைவில்லை. இன்று நடக்கிறார், பேசுகிறார். பார்ப்பவர்கள் "ஆள் நல்லாத்தானே இருக்கார்" என்கிறார்கள். வீட்டில் நிலைமை வேறு. நான் சொன்னால்தான் குளிக்கிறார், இல்லையென்றால் டிவி முன்னால் உட்கார்ந்தே இருக்கிறார். மாத்திரை போட்டதை மறந்து மறுபடி கேட்கிறார். சாப்பாட்டில் ருசியே இல்லை என்று தட்டைத் தள்ளுகிறார். முன்பெல்லாம் குரலை உயர்த்தியே பேசாத மனிதர், இப்போது மாலையில் பிள்ளைகள் சத்தம் போட்டால் கையில் கிடைத்ததை எறிகிறார். "எனக்கு ஒண்ணும் இல்ல, சாவியைக் கொடு" என்று பைக்குக்காகத் தினமும் சண்டை. மாமியார் "உடம்பு தேறிடுச்சு, இது சோம்பல்தான்" என்கிறார். கடை முதலாளி திரும்ப வரச் சொல்கிறார். ஒன்றரை வருஷத்துக்குள் வருவது வரும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு இன்னும் இரண்டே மாதம். என் தம்பி மூளைப் பயிற்சி ஆப் ஒன்றுக்குப் பணம் கட்டிக் கொடுத்திருக்கிறான். நஷ்டஈட்டு வழக்கை ராஜியாக முடித்துக்கொள்ளலாம் என்கிறார் வக்கீல். சில நேரம், இவர் நான் கல்யாணம் செய்துகொண்ட மனிதரே இல்லை என்று தோன்றுகிறது. இப்படி நினைப்பது பாவமா?
ஒரு வாசகி, திருச்சி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த இரண்டு மாதக் கணக்கை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்படி ஒரு தேதியில் மூளை கதவைச் சாத்திக்கொள்வதில்லை.

டாக்டர் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அடிபட்ட முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். வீக்கம் வடியும், அதிர்ச்சியில் செயலிழந்து கிடந்த பகுதிகள் மறுபடி வேலைக்கு வரும். அதன்பிறகு வருவது பெரும்பாலும் பழக்கத்தால் வருகிற முன்னேற்றம். அது மெதுவாகத்தான் வரும். கெடு என்ற எண்ணம் பரவியதற்கு ஆராய்ச்சி நடந்த விதமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. 1975இல் ஜெனட், பாண்ட் என்ற இரு மருத்துவர்கள் கிளாஸ்கோவில் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். தலைக்காயம் பட்டவர் கடைசியில் எந்த நிலைக்கு வந்திருக்கிறார் என்பதை அளக்க இன்றும் அதன் விரிவான வடிவம்தான் பயன்படுகிறது. பெரும்பாலான ஆய்வுகள் அதை வைத்து ஆறாம் மாதத்தில் அளந்தன, சில ஒரு வருஷத்தில் அளந்தன. ஆய்வாளர்கள் அளந்து முடித்த தேதியையே நோயாளி தேறி முடிக்கும் தேதியாக நாளடைவில் எல்லோரும் பேசத் தொடங்கிவிட்டோம்.

அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய டிராக்-டிபிஐ என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதி 2021இல் வெளிவந்தது. கடுமையான காயம் பட்டவர்களில், பகலில் எட்டு மணி நேரமாவது வீட்டில் தனியாக இருக்கக்கூடிய நிலையிலோ அதைவிட மேலான நிலையிலோ இருந்தவர்கள் எத்தனை பேர் என்று அதில் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் சுமார் 12 சதவீதம், ஒரு வருஷத்தில் பாதிக்கும் சற்று மேல். அதே ஆய்வில் பங்கேற்றவர்களை ஏழு வருஷம் வரை தொடர்ந்தபோது, முதல் வருஷத்துக்குப் பிறகும் சிலர் முன்னேறினார்கள், சிலர் பின்னுக்குப் போனார்கள். அதாவது ஒரு வருஷத்தில் இருந்த நிலையே கடைசி நிலை இல்லை. மேலே போகவும் இடம் உண்டு, கவனிக்காமல் விட்டால் கீழே போகவும் இடம் உண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விபத்து நேரத்திலிருந்து, அன்றாடம் நடப்பதெல்லாம் தொடர்ச்சியாக மனதில் பதியத் தொடங்கும் நாள் வரைக்குமான காலம்தான் காயத்தின் கடுமையை ஓரளவு சரியாகச் சொல்லும். ரிட்சி ரசல் என்ற பிரிட்டிஷ் நரம்பியலாளர் இதை 1932லேயே கவனித்தார். அது ஏழு நாளைத் தாண்டினாலே 'மிகக் கடுமை' என்பது அவர் வழிவந்த கணக்கு. உங்கள் கணவருக்கு அது ஒரு மாதத்துக்கு மேல். ஆகவே விபத்துக்கு முந்தைய அதே மனிதர் ஒருநாள் முழுசாகத் திரும்பி வருவார் என்று காத்திருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். மறதியும் வேகக் குறைவும் கொஞ்சம் தங்கும். ஆனால் தங்குகிற குறையோடு ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பதை நிறையவே மாற்ற முடியும். உங்கள் உழைப்பை இனி அங்கே போடுங்கள்.

உங்கள் வீட்டில் நடப்பது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. மெல்போர்னில் ஜெனி பான்ஸ்ஃபோர்ட் என்ற நரம்பு உளவியலாளரும் குழுவினரும் 141 பேரை இரண்டாம், ஐந்தாம், பத்தாம் வருஷங்களில் தொடர்ந்து பார்த்து 2014இல் எழுதினார்கள். பெரும்பாலோர் நன்றாக நடந்தார்கள். சுமார் 70 சதவீதம் பேர் மறுபடி கார் ஓட்டினார்கள். ஆனால் வேலையில் இருந்தவர்கள் எந்த வருஷத்திலும் பாதியைத் தொடவில்லை. சிந்தனையிலும் நடத்தையிலும் மனநிலையிலும் மாற்றம் இருப்பதாகச் சொன்னவர்கள் சுமார் 60 சதவீதம். "நல்லாத்தானே இருக்கார்" என்பவர்கள் பார்ப்பது கையையும் காலையும்தான்.

இனி உங்கள் மாமியார் சொல்வதற்கு வருகிறேன். தலை வேகமாக மோதி நிற்கும்போது மூளை உள்ளே ஆடுகிறது. நெற்றிக்குப் பின்னாலும் காதோரத்திலும் மண்டையோட்டின் அடிப்பாகம் கரடுமுரடாக இருக்கும். அங்கே உராய்ந்து அந்தப் பகுதிகள்தான் அதிகம் அடிபடும். உள்ளே நீளமாக ஓடும் நரம்பிழைகளும் இழுபட்டு அறுபடும். இதில் ஒரு பகுதியை ஸ்கேன் காட்டாமலே போகலாம். நெற்றிப் பகுதியின் வேலைகளில் முக்கியமானது ஒரு காரியத்தைத் 'தொடங்குவது'. குளிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், குளிக்கவும் தெரியும். எழுந்து தொடங்க வைக்கும் உந்துதல் மட்டும் வருவதில்லை. சோம்பேறியாக இருப்பவர் வேலைக்குத்தான் சுணங்குவார், பிடித்த காரியம் என்றால் முதல் ஆளாகக் கிளம்புவார். உங்கள் கணவர் தானாக நண்பர்களைத் தேடிப் போகிறாரா? பிடித்த பலகாரம் வேண்டும் என்று கேட்கிறாரா? இல்லை என்றால் இது சோம்பல் இல்லை. இந்தக் கேள்வியை உங்கள் மாமியாரிடமே கேளுங்கள். பெற்ற மகனைப் பற்றி அவருக்கே பதில் தெரியும்.

ஆனால் எல்லாவற்றையும் மூளைக் காயத்தின் மேல் போடுவதற்கு முன் மூன்று விஷயங்களைச் சோதித்துவிட வேண்டும். இவற்றைச் சரிசெய்ய வழி இருக்கிறது என்பதால் இதைத்தான் நான் அவசரம் என்பேன்.

ஒன்று மனச்சோர்வு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தலைக்காயம் பட்ட 559 பேரை ஒரு வருஷம் கவனித்ததில் 53 சதவீதம் பேருக்கு இந்தக் காலத்தில் தீவிர மனச்சோர்வு வந்திருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதற்கான சிகிச்சையே கிடைத்திருக்கவில்லை. எதிலும் நாட்டமில்லாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பது அதுவாகவும் இருக்கலாம். இரண்டாவது, பிட்யூட்டரி சுரப்பி. மூளையின் அடியில் மெல்லிய காம்பில் தொங்கும் சுரப்பி என்பதால் மோதலில் எளிதாக அடிபடும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தலைக்காயத்துக்குப் பிறகு நாலில் ஒருவருக்காவது ஏதோ ஒரு ஹார்மோன் குறைகிறது. ஓயாத களைப்பும், எதிலும் விருப்பமின்மையும், தாம்பத்தியத்தில் நாட்டம் போவதும் அதனால் வரும். காலையில் ரத்தம் எடுத்து கார்ட்டிசால், தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நம் ஊரில் கேட்காவிட்டால் இது பெரும்பாலும் விட்டுப்போகிறது.

மூன்றாவது, அவர் சாப்பிடும் மாத்திரை. என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வலிப்பு வராமலிருக்க நம் மருத்துவமனைகளில் லெவெடிரசெட்டம் கொடுப்பது வழக்கம். அதைச் சாப்பிடுபவர்களில் ஒரு பகுதியினருக்கு எரிச்சலும் கோபமும் கூடும். முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கும் வலிப்பு மாத்திரை முதல் வாரத்துக்கு அப்பால் பிற்கால வலிப்பைத் தடுப்பதில்லை என்று 1990இல் 404 பேரிடம் பினைட்டாயின் மருந்தை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. உங்கள் கணவருக்கு இடையில் வலிப்பு வந்திருந்தால் கணக்கே வேறு. ஆகவே நீங்களாக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்த வேண்டாம், திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. சீட்டை எடுத்துக்கொண்டு நரம்பியல் டாக்டரிடம் போய், "கோபம் இந்த மாத்திரையால் இருக்குமா, மாற்று உண்டா?" என்று கேளுங்கள்.

கோபம் நாளடைவில் தானாக அடங்கிவிடும் என்று உறவினர்கள் ஆறுதல் சொல்வார்கள். அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். கிளாஸ்கோவில் நீல் புரூக்ஸ் குழுவினர் கடுமையாக அடிபட்டவர்களின் குடும்பத்தாரையே கேட்டு 1986இல் எழுதினார்கள். ஆளின் குணம் மாறிவிட்டது என்று ஒரு வருஷத்தில் சொன்னவர்கள் 60 சதவீதம், ஐந்து வருஷத்தில் 74 சதவீதம். நடையும் பேச்சும் தேறுவதுபோல் இது காலப்போக்கில் தேறவில்லை. இதற்கென்று தனியாக வேலை செய்தால்தான் குறையும்.

எங்கே தொடங்குவது? கோபம் மாலையில்தான் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது தற்செயல் இல்லை. முன்பு தன்னால் நடந்த ஒவ்வொன்றுக்கும், பேச்சைப் பின்தொடரக்கூட, இப்போது அவர் மூளை முயற்சி எடுத்தாக வேண்டியிருக்கிறது. மாலைக்குள் பேட்டரி தீர்ந்த போன் மாதிரி ஆகிவிடுகிறார், அந்த நேரத்தில் இரைச்சல் வந்தால் தாங்குவதில்லை. டிவி பார்ப்பது அவருக்கு ஓய்வு ஆகாது. மதியம் ஒரு மணி நேரம் டிவியும் போனும் இல்லாமல் இருட்டறையில் படுக்க வையுங்கள். பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் அவர் மொட்டை மாடியிலோ, யாருடனாவது தெருக்கோடி வரை நடையிலோ இருக்கட்டும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: கோபம் எத்தனை மணிக்கு வந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, முந்தின இரவு தூக்கம் எப்படி, மதியம் படுத்தாரா. நிச்சயமாக ஒரு ஒழுங்கு தெரியும். அந்த 'சற்று முன்' நடப்பதை மாற்றுவதுதான் சிகிச்சையின் பெரும் பகுதி. கோபம் ஏறிவிட்டபின் நியாயம் பேசாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள், பேச்சு மறுநாள் காலையில். எறிகிற பொருள் ஆட்கள் மேல் விழத் தொடங்கினால் பொறுத்துக்கொண்டிருக்காமல் அன்றே வீட்டிலிருந்து விலகி மனநல டாக்டரைப் பாருங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது. அடிபட்ட மூளை என்பது காரணம்தான், நீங்களும் பிள்ளைகளும் அடிவாங்க அது அனுமதி இல்லை.

மறதிக்கும் தொடங்காமைக்கும் நன்றாக வேலை செய்வது வெளியிலிருந்து வரும் நினைவூட்டல். பிரிட்டனில் பார்பரா வில்சன் குழுவினர் மூளைக்காயம் பட்ட 143 பேருக்குப் பேஜரில், அதாவது செல்போனுக்கு முன் இருந்த, செய்தியை மட்டும் காட்டும் சிறு கருவியில், செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். 2001இல் வந்த அந்த ஆய்வை முடித்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அன்றாடக் காரியங்களை முன்பைவிடத் தெளிவாக நன்றாகச் செய்தார்கள். அந்த வேலையை இன்று அவர் கையிலிருக்கும் போன் செய்யும். முதலில் இரண்டே அலாரம்: குளியலுக்கு ஒன்று, இரவு மாத்திரைக்கு ஒன்று. அலாரத்தில் வெறும் மணி போதாது, "இப்போது எழுந்து குளிக்கப் போ" என்று அவர் குரலிலேயே பதிவு செய்து வையுங்கள். காரியத்தை முடித்த பிறகுதான் அலாரத்தை நிறுத்த வேண்டும் என்பது விதி. கிழமை போட்ட மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். பெட்டி காலியாக இருந்தால் போட்டாயிற்று என்று அர்த்தம், உங்களிடம் கேட்க வேண்டியதில்லை. இவை பழகியபின் அடுத்த இரண்டைச் சேருங்கள். இதே வில்சன், ஜே.சி. என்ற எழுத்துகளால் குறிப்பிடும் ஓர் இளைஞரைப் பற்றி எழுதியிருக்கிறார். சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது மூளையில் ரத்தக்கசிவு வந்து புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் போனவர். டைரி, கைக்கடிகாரம், ஒலிப்பதிவு என்று பத்து வருஷம் சிறுகச் சிறுகத் தனக்கென்று ஒரு முறையைக் கட்டி, தனியாக வாழவும் சொந்தத் தொழில் செய்யவும் வந்தார். நினைவாற்றல் திரும்பவில்லை, வாழ்க்கை திரும்பியது.

தம்பி வாங்கிய ஆப் விஷயம் சுருக்கமாக. 2010இல் 11,430 பேரை ஆறு வாரம் இப்படிப்பட்ட விளையாட்டுகளை ஆடவைத்துப் பார்த்தார்கள். ஆடிய விளையாட்டில் தேர்ந்தார்கள், ஆடாத எதிலும் தேறவில்லை. அவர்கள் அடிபடாதவர்கள்தான். ஆனால் என் அனுபவத்திலும், மாத்திரைப் பெட்டியைத் தானே நிரப்பப் பழகுவதுதான் கூடுதல் பலன் தருகிறது. அவருக்குப் பிடித்திருந்தால் ஆடட்டும், இனிமேல் பணம் கட்ட வேண்டாம்.

ருசி இல்லை என்பதும் உங்கள் சமையலைக் குறை சொல்வது இல்லை. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நுண்ணிய நரம்புகள் மோதலில் அறுந்து வாசனை போயிருக்கும். நாக்குக்குப் புளிப்பும் உப்பும் காரமும் தெரியும், ரசமும் எலுமிச்சை சாதமும் மொறுமொறுப்பாக ஏதாவதும் கொடுத்துப் பாருங்கள். கேஸ் கசிந்தால் அவருக்குத் தெரியாது. கசிவைக் கண்டு சத்தம் எழுப்பும் கருவி ஒன்றைச் சமையலறையில் மாட்டிவிடுங்கள்.

வேலைக்கு அனுப்பலாமா என்றால், பழைய வேலைக்கு முழு நாளாக இப்போது வேண்டாம். கல்லாவும் கணக்குப் புத்தகமும் வேகம், நினைவு, குறுக்கே வரும் பேச்சைச் சமாளிப்பது என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்கும் வேலை. அங்கே ஒரு பெரிய தவறு நடந்தால் முதலாளியின் நல்ல மனமும் போகும், இவர் தன்னம்பிக்கையும் போகும். மாறாக, காலையில் இரண்டு மணி நேரம், உள் குடோனில், பட்டியலை வைத்துச் சரக்கு எண்ணும் வேலை. இன்னொருவர் சரிபார்க்கட்டும். ஒரு மாதம் தடங்கலில்லாமல் போனால் அரை மணி கூட்டலாம். முதலாளியை நேரில் பார்த்து இதை நீங்களே பேசுங்கள். கூப்பிடுகிற முதலாளி அமைவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இதற்கெல்லாம் முன் ஒரு நரம்பு உளவியல் பரிசோதனை வேண்டும். கவனம், நினைவு, வேகம், திட்டமிடுதல் ஒவ்வொன்றிலும் எது போயிருக்கிறது, எது நன்றாக இருக்கிறது என்று அது பிரித்துக் காட்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இந்தியர்களுக்கென்றே உருவாக்கி 2004இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வுத் துறையிலும் கேட்டுப் பாருங்கள். மாமியாரையும் உடன் அழைத்துப் போங்கள். நீங்கள் நூறு முறை சொல்லி ஏறாதது, டாக்டர் ஒரு முறை காகிதத்தைக் காட்டிச் சொன்னால் ஏறும்.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்று அவர் சொல்வது பொய்யோ வீம்போ அல்ல. தன் குறையைத் தானே பார்க்கிற பகுதியும் சேர்ந்து அடிபட்டிருக்கிறது. அதனால் வாதாடி ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. பைக் விஷயத்தில் மட்டும் இளகாதீர்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் பல வருஷம் தொடர்ந்த ஆய்வில், கடுமையான காயம் பட்டவர்களில் 10 சதவீதம் பேருக்கு ஐந்து வருஷத்துக்குள் வலிப்பு வந்தது. ஓட்டும்போது வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும், அன்றே சாவி தருகிறேன்" என்று சொல்லுங்கள். சண்டை உங்களுக்கும் அவருக்கும் நடுவே இல்லாமல் போகும்.

கடைசியாகக் கேட்டதற்கு: இல்லை, பாவமே இல்லை. மூளைக்காயம் பட்டவரோடு வாழ்பவர்களின் இந்தத் துக்கத்தைப் பற்றி மியூரியல் லெசாக் என்ற அமெரிக்க நரம்பு உளவியலாளர் 1978லேயே எழுதினார். கணவர் கண்ணெதிரே இருக்கும்போது அவரை இழந்ததற்காக ஒரு பெண் அழ நம் வீடுகளில் இடமில்லை. "உயிரோட இருக்காரே, அது போதாதா" என்று வாயை அடைத்துவிடுவார்கள். அழுங்கள். மனைவியாக இருந்தவர் இன்று அவருக்குத் தாயாகவும் காவலாகவும் இருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு மாலை மாமியாரோ தம்பியோ அவரைப் பார்த்துக்கொள்ள, நீங்கள் வீட்டை விட்டு வெளியே போய்விட வேண்டும். கோவிலோ, தோழி வீடோ, எங்கே வேண்டுமானாலும். தூக்கம் கெட்டால் உங்களுக்காகவும் ஒரு டாக்டரைப் பாருங்கள். பிள்ளைகளிடம் "அப்பாவுக்குத் தலையில் அடிபட்டதால் கோபம் வருகிறது, நீங்கள் செய்த தப்பு இல்லை" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் குழந்தைகள் தங்களையே காரணமாக நினைத்துக்கொள்வார்கள்.

வழக்கு விஷயத்தில் வக்கீலிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கை கால் நன்றாக இருப்பதால் ஊன சதவீதம் குறைவாக வரும், அதை வைத்து ராஜி பேசினால் தொகையும் குறைவாகவே வரும். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: சான்றிதழில் எத்தனை சதவீதம் என்பதை மட்டும் பார்க்கக் கூடாது, அந்த ஊனம் அவருடைய சம்பாதிக்கும் திறனை எவ்வளவு பாதித்தது என்று பார்க்க வேண்டும். கணக்கு எழுதிப் பிழைத்தவருக்கு நினைவும் கவனமும்தான் கருவி. அது எவ்வளவு சேதமாகியிருக்கிறது என்பதை அந்த நரம்பு உளவியல் அறிக்கை எழுத்தில் காட்டும். அந்த அறிக்கை கைக்கு வந்து, அது வழக்கில் தாக்கலாகும் வரை ராஜிப் பத்திரம் எதிலும் நீங்களோ அவரோ கையெழுத்துப் போட வேண்டாம்.